சுவரில் இருந்த பிளக்

மேஜைக்கு அடியில் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்த மருமகனின் மூக்குக்கு நேரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது.

"தம்பி, அங்க என்ன தேடுறீங்க?"

மருமகன் பதறித் தலையைத் தூக்கினான். மேஜை 'டொக்' என்று அவன் உச்சந்தலையில் குட்டியது.

"மிட்டாய் சார். அத்தை கையிலேருந்து விழுந்துடுச்சு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா எறும்பு முந்திக்கிச்சு."

முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி வெளியே வந்தான். ஷூவுக்குச் சொந்தக்காரர் சிரிக்கவில்லை. பஸ் டிப்போவின் முதலாளி. டிப்போவில் எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தம்பி, 'சின்னவர்'. அண்ணனுக்கு மீசை, தொப்பை, அதிகாரம் மூன்றும் உண்டு. தம்பிக்கு மூன்றுமே இல்லை.

ஜன்னலோரம் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருக்கும் இடத்தில் அவள் உட்கார்ந்து மருமகன் பார்த்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் உட்கார்ந்தே ஊரார் பேச்சைக் கேட்டவள், ஓய்வு பெற்ற பிறகு நின்றபடியே ஊரார் பொய்யைப் பிடிக்கிறாள். மருமகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். வாடிக்கையாளர்களை நக்கலடித்தே கடையை மூடினான். இப்போது அத்தைக்குக் கார் ஓட்டுவது, கம்ப்யூட்டர் பார்ப்பது, திட்டு வாங்குவது என்று மூன்று உத்தியோகம்.

"பார்த்தாச்சில்ல?" என்றார் பெரியவர். "டிரைவரோட வக்கீல் லெட்டர் கொண்டு வந்தீங்க, மதிச்சு உள்ள விட்டேன். கேமரா பழசு. ஆனா பதிவு பண்ற பழைய மெஷின் விபத்துக்கு முந்தியே பாழாப்போச்சு. இந்தக் கம்ப்யூட்டர் புதுசு. விபத்துக்கு மறுநாள்தான் மாட்டினோம். இல்லாததை நான் எங்கேருந்து எடுத்துக் காட்டுறது?"

"இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க," என்றாள் அத்தை.

சின்னவர் மவுஸை நகர்த்தினார். நெட்வொர்க் விவரம் திரையில் விரிந்தது. மருமகன் எட்டிப் பார்த்தான். மெஷினின் விலாச எண் புதிது. அதற்கு வைத்திருக்கும் பெயரும் புதிது. சொந்தபந்தம் யாரும் இல்லை. பக்கத்தில் வேறு எந்த மெஷினோடும் தொடர்பு இல்லாமல் தனிக்கட்டையாக இருந்தது. பதிவுகளும் விபத்துக்கு மறுநாளிலிருந்துதான் ஆரம்பித்தன.

"பிறந்த குழந்தை மாதிரி இருக்கு அத்தை. பழைய பாவம் எதுவும் இல்ல."

பெரியவரிடம் திரும்பி, "கீபோர்டை நான் தொடலாமா?" என்று கேட்டான்.

"பார்க்கத்தான் லெட்டர். தொட இல்ல," என்றார் பெரியவர். பிறகு தம்பியின் பக்கம் திரும்பியபோது அவர் குரலே வேறாகிவிட்டது. "நீ காலைலேருந்து சாப்பிடலையே. போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வா."

"பசிக்கலைண்ணா." சின்னவர் தயங்கி அத்தையைப் பார்த்தார். "அந்தப் பேப்பர்காரர்... கண் முழிச்சாரா?"

"இன்னும் இல்ல," என்றாள் அத்தை.

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, கிளம்பறோம்," என்றாள் அத்தை திடீரென்று. அவள் கதவை நோக்கித் திரும்ப, மருமகனும் பின்னாலேயே கிளம்பினான். அத்தையின் கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது. எடுக்கக் கை நீட்டியவனின் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது. அவன் கையை மடக்கிக்கொண்டான்.

வெளியே வெயில் கொளுத்தியது. மூன்று பஸ்கள் ஒரே நேரத்தில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தன. எவனோ சும்மாவே ஹார்ன் அடித்துப் பார்த்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பாலிதீன் பையை மார்போடு அணைத்தபடி டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். பைக்குள் கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டை.

வழக்கு இதுதான். போன வாரம் விடியற்காலை, இந்த டிப்போ பஸ் ஒன்று, சைக்கிளில் பேப்பர் போடும் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பஸ் எண்ணை ஒருவர் பார்த்துவிட்டார். அந்த பஸ்ஸின் டிரைவர் அந்த நேரத்தில் ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்கிறார். வண்டியை எடுத்தது அவர்தான் என்கிறார் பெரியவர். இன்றைக்குப் பிற்பகல் டிரைவரை நீதிபதி முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்குள் கையில் ஏதாவது சிக்க வேண்டும். இல்லையென்றால் வேலை, லைசென்ஸ், வெளியே நடமாடும் சுதந்திரம் எல்லாம் போகும்.

"ஏதாவது கிடைச்சுதாம்மா?" என்றாள் அவள்.

"கொஞ்சம் பொறு."

"எவ்வளவு பொறுக்கிறது? பக்கத்துக் கட்டில்ல படுத்தவங்களைக் கேட்டா எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க. வேலை போயிடும்னு பயம். பெரியவரை விடுங்க, அவர் எப்பவும் அப்படித்தான். சின்னவர்? எங்க வீட்டுக்காரர்கிட்ட ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்கிட்டவரு. எங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டவரு. ஒரு வார்த்தை வந்து கேட்கலைம்மா."

அத்தை அவள் தோளைத் தட்டிவிட்டு, இரண்டு பஸ்களுக்கு நடுவே இருந்த நிழலுக்குள் மருமகனை இழுத்தாள். நின்ற இடத்தில் நிற்காமல் இப்படியும் அப்படியும் நடந்தாள்.

"அடியில என்ன பார்த்தே?"

"நாலு வயர், ஒரு எறும்புக் கூட்டம், கல்யாணம் ஆகாத ஒரு செருப்பு—"

"டேய்."

"பதிவு பண்ற அந்த ரெக்கார்டரோட வயரைப் பிடிச்சுட்டே போனேன். சுவத்துல இருக்கிற பிளக்ல முடியுது."

"மத்த வயரெல்லாம்?"

"யூ.பி.எஸ். பெட்டியில. கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடணும்ல? ஃபோன் சார்ஜர், பெரியவரோட டேபிள் ஃபேன், அந்த மீன் தொட்டி மோட்டார்கூட அதுலதான். மீனுக்கு மூச்சு முட்டக்கூடாதாம்."

"யூ.பி.எஸ்.ல இடம் இல்லையோ?"

"ஒரு ஓட்டை காலி. சுத்தித் தூசி, நடுவுல மட்டும் சுத்தமா பிளக் உட்கார்ந்த தடம்."

அத்தை நடப்பதை நிறுத்தினாள். அவள் நின்றுவிட்டால் எதையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"பழைய மெஷினைக் கழட்டிட்டுப் புதுசை வெக்கிறவன், புது வயரை அதே ஓட்டையில சொருகுவான். அதுதான் மனுஷ வழக்கம். இவன் வேலை மெனக்கெட்டு சுவத்துக்குப் போயிருக்கான். மீனுக்கு இருக்கிற பாதுகாப்பு ரெக்கார்டருக்கு இல்ல. ஏன்?"

"கரண்ட் போனா அது அணைஞ்சு போகட்டும்னு."

"அணைஞ்சா யாருக்கு லாபம்? நீ கம்ப்யூட்டர்காரன்தானே, சொல்லு. அணைஞ்சு மறுபடி எழுந்தா என்ன ஆகும்?"

மருமகன் தலையில் வீங்கிய இடத்தைத் தடவினான்.

"எழுந்ததும் அதுக்குத் தான் யாருன்னே தெரியாது அத்தை. டிஸ்குல ஒரு சின்ன ஃபைல் இருக்கும். உன் விலாசம் இது, வெளிய போற வாசல் இது, பேர் சொன்னா விலாசம் விசாரிச்சுச் சொல்ற ஆள் இன்னார், எழுந்ததும் பக்கத்துல இந்த மெஷினோட சேர்ந்துக்கோ... எல்லாம் அதுல எழுதியிருக்கும். முதல் வேலையா அதைப் படிச்சு அப்படியே நடக்கும்."

"நடுவுல நான் விலாசத்தை மாத்தினா?"

"ரெண்டு விதமா மாத்தலாம். அந்த ஃபைலுக்குள்ள போய்த் திருத்தி எழுதினா, அதுதான் நிரந்தரம். இல்ல, ஓடிட்டிருக்கும்போதே ஒரு வரி டைப் பண்ணி மாத்தலாம். உடனே மாறிடும். யார் கேட்டாலும் புது விலாசத்தைத்தான் சொல்லும். ஆனா அது வாய் வார்த்தை. அணைச்சு எழுப்பினா..." மருமகன் வாய் பிளந்தபடி நின்றான்.

"எழுப்பினா?"

"வாய் வார்த்தை காத்தோட போயிடும். எழுதி வெச்சது நிக்கும். அத்தை! அது பழைய மெஷின்!"

"கத்தாதே. எங்க எக்ஸ்சேஞ்சிலயும் இதே கதைதான். அவசரத்துக்கு வயரை இந்த ஓட்டையிலேருந்து அந்த ஓட்டைக்கு மாத்திக் குத்தி லைன் கொடுப்போம். அடுத்த ஷிப்டுக்காரி வந்து எல்லாத்தையும் உருவிட்டு, அட்டவணையில உள்ளபடிதான் குத்துவா." அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வா. என் கைப்பை உள்ள இருக்கு."

"அதான் கிள்ளினீங்களா? தோல் வந்துடுச்சு."

"உனக்குத்தான் தடிச்ச தோலாச்சே."

அவர்கள் திரும்ப நுழைந்தபோது பெரியவர் ஃபோனில் இருந்தார். "வந்துட்டுப் போயிட்டாங்க சார். ஒண்ணும் இல்ல, எல்லாம் சுத்தம்..." அத்தையைப் பார்த்ததும் ஃபோனை வைத்தார்.

"இன்னும் என்ன?"

"கைப்பையை மறந்துட்டேங்க. வயசாச்சு பாருங்க." அத்தை நாற்காலியை நோக்கி நடந்தாள். அதற்கு நேர்வழி இருந்தது. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகப் போனாள். "அடடா!" என்ற ஒரு தடுமாற்றம், சுவரில் ஊன்றிய ஒரு கை, தரையில் இழுபட்ட ஒரு வயர்.

திரை பட்டென்று இருண்டது. மீன் தொட்டியின் குமிழிகள் மட்டும் அமைதியாக மேலேறிக்கொண்டிருந்தன.

"பார்த்து நடக்க மாட்டீங்களா!" பெரியவர் சீறினார்.

மருமகன் அவரைப் பார்க்கவில்லை. சின்னவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் அணைந்தால் எவரும் முகத்தைச் சுளிப்பார்கள். சின்னவர் கண்ணை மூடினார். நெடுநேரம் தண்ணீருக்குள் மூச்சடக்கியிருந்தவர் மேலே வந்ததுபோல ஒரு பெருமூச்சு விட்டார்.

"மன்னிச்சுக்கங்க." அத்தை பிளக்கைத் திரும்பச் சொருகினாள். "கெட்டுப்போச்சோ என்னவோ. எழுப்பிப் பாருங்களேன். நான்தான் உடைச்சேன்னு நாளைக்குப் பேர் வரக்கூடாது."

"தம்பி, ஆன் பண்ணு. நல்லாப் பார்த்துட்டுப் போகட்டும்."

சின்னவரின் கை அசையவில்லை.

"என்னடா, பிரமை பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? தள்ளு." பெரியவரே குனிந்து, மோதிரம் போட்ட விரலால் பொத்தானை அழுத்தினார்.

மெஷின் முனகியது. வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின. அத்தை கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். வெளியே ஒரு பஸ் பின்வாங்கும் பீப் சத்தம் நிற்காமல் கேட்டது. மருமகனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒருவேளை அந்தச் சின்ன ஃபைலையும் திருத்தியிருந்தால்? அப்படியானால் டிரைவருக்கு அந்த இஸ்திரிச் சட்டையோடு கதை முடிந்தது.

திரை தெளிந்தது. மூலையில் நெட்வொர்க் அடையாளம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"விலாசம்..." மருமகன் திரைக்கு அருகே குனிந்தான். "விலாசம் மாறிடுச்சு அத்தை. பேரும் வேற. இந்தப் பிறந்த குழந்தைக்குப் பழைய வீட்டு விலாசம் நல்லா ஞாபகம் இருக்கு!"

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் இன்னொரு படம் முளைத்தது. ஒரு ஃபோல்டர். அதன் கீழே 'டயர் ரூம்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?" என்றார் பெரியவர். குரலில் முதல் முறையாக அதிகாரம் இல்லை.

"எழுந்ததும் சேர்ந்துக்கோன்னு எழுதி வெச்ச பக்கத்து வீடு சார். உங்க டயர் ரூம்ல எங்கேயோ ஒரு குட்டி மெஷின் உட்கார்ந்திருக்கு. இங்க பதிவாகிறதையெல்லாம் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டு. இங்க அழிச்சாலும் அங்க அப்படியே இருக்கும். விலாசம் மாறினதும் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. இப்ப சமாதானம் ஆயிட்டாங்க."

பெரியவர் தம்பியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொன்னியே. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேனே."

"மாத்தினேண்ணா. நீங்க பார்த்தது நிஜம்தான். எழுதி மட்டும் வெக்கலை."

"மறந்துட்டியா?"

"மறக்கலை," என்றாள் அத்தை. "பிளக்கைப் பிடுங்கினா மெஷின் அணையும், டைப் பண்ணது போயிடும். அப்போ டைப் பண்ணப்புறம் பிளக்கை மாத்தியிருக்கவே முடியாது. உங்க தம்பி முதல்ல மெஷினை அணைச்சு, வயரை சுவத்துக்கு மாத்தி, திரும்ப எழுப்பினாரு. அதுக்கு அப்புறம்தான் உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு டைப் பண்ணாரு. என்னிக்காவது கரண்ட் போகும், தானா எல்லாம் வெளிய வரும்னு வழி பண்ணி வெச்சிட்டுத்தான் உங்களுக்கு வேலை செஞ்சிருக்காரு. சரிதானே சின்னவரே?"

சின்னவர் தலையசைத்தார். "அண்ணன் முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்ல வரலை. அண்ணி, பசங்க, இந்த டிப்போ... என் வாயால வேண்டாம், மெஷினே சொல்லிக்கட்டும்னு நினைச்சேன். தினமும் அந்த ஃபேனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பேன். இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு. அப்புறம்தான் ஞாபகம் வரும், ஃபேன் யூ.பி.எஸ்.ல இருக்குன்னு. லைட்டைப் பார்ப்பேன். கரண்ட் போகவே இல்ல."

"எங்க தெருவுக்கு வந்திருக்கலாமே," என்றான் மருமகன். "மணிக்கொரு தரம் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அத்தை பெரியவருக்கு எதிரே போய் நின்றாள். "அப்போ அன்னிக்கு விடியக்காலை வண்டியை எடுத்தது யாரு? தூங்கிட்டிருந்த டிரைவர் இல்ல. அதை மறைக்க இவ்வளவு பாடு பட்டது நீங்க."

பெரியவரின் பார்வை ஒரு கணம் திரைக்குப் போனது, தம்பிக்குப் போனது, அத்தையிடம் வந்து நின்றது.

"நான்தான்," என்றார். "நான்தான் எடுத்தேன். எழுதிக்கங்க. போலீஸுக்கும் ஃபோன் போடுங்க, இங்கேயே கையெழுத்துப் போடுறேன். அந்த ஃபோல்டரையெல்லாம் திறக்க வேண்டாம். அதான் ஒத்துக்கிட்டேனே."

மருமகனுக்கு உடம்பெல்லாம் துள்ளியது. வெளியே ஓடி அந்த இஸ்திரிச் சட்டைக்காரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று கதவுப் பக்கம் ஓரடி வைத்தான்.

"நில்லு," என்றாள் அத்தை. "இத்தனை நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தவரு, இவ்வளவு சுளுவா ஒத்துக்கிறாரு."

"அதான் சொல்லிட்டேன்ல!" பெரியவர் அத்தைக்கும் திரைக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். அந்தத் தொப்பையும் மீசையும் இப்போது கெஞ்சின. "அப்பா போனப்ப இவன் கைக்குழந்தை. இவனைத் தூக்கி வளர்த்தது நான். நான் சொல்றேன், நான்தான். விட்டுடுங்கம்மா."

"அண்ணா." சின்னவர் அவர் தோளில் கை வைத்து, மெதுவாக நகர்த்தினார். "கரண்ட் போகட்டும்னு காத்திருந்தது உங்களைக் காட்டிக்கொடுக்க இல்ல. நானே சொல்லத் தைரியம் இல்லாம."

அவரே ஃபோல்டரைத் திறந்தார். தேதியைத் தேடவில்லை, கை தானாகவே அங்கே போனது.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் டிப்போ முற்றம். ஓய்வறை வாசலில் டிரைவரின் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன. ஓரத்தில் நின்ற பஸ்ஸின் விளக்குகள் எரிந்தன. வண்டி மெல்ல உருண்டு கேமராவுக்கு நேரே வந்து, கேட் திறப்பதற்காக ஒரு கணம் நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தவர், சொல்லிக்கொடுத்த வாத்தியார் பக்கத்தில் இருப்பதுபோல, ஒழுங்காகக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்த முகத்தில் மீசை இல்லை.